வீட்டுக் கோழிகளுடன் சேவல் வளர்க்கலாமா? புதியவர்களுக்கான வழிகாட்டி

முதன்முறையாகக் கோழி வளர்க்கத் தொடங்குவோரில் பலர், சேவல் இல்லாவிட்டால் பெட்டைகள் முட்டையிடமாட்டா என்று எண்ணிச் சேவலையும் சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். அந்த எண்ணம் சரியன்று. பருவத்துக்கு வந்த பெட்டைக்கோழிக்குப் போதிய பகல்வெளிச்சமும் சத்தான தீவனமும் கிடைத்தால், சேவல் அருகில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் உடல் முட்டையை உருவாக்கிக்கொண்டே இருக்கும். ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. சேவலின் வரவு அந்த நேரத்தைக் குறைப்பதும் இல்லை, முட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் இல்லை. சேவல் அணைந்த பெட்டையின் முட்டையில் கரு கூடியிருக்கும் என்பது மட்டுமே வேறுபாடு.

ஆகவே, சேவல் வேண்டுமா என்ற கேள்விக்கு, அந்தச் சேவலுக்கு உங்கள் கூட்டத்தில் ஒரு வேலை இருக்கிறதா என்பதை வைத்தே விடை காண வேண்டும். வேலை இல்லையென்றால் வாங்காமல் இருப்பதே அதற்கும் நல்லது, பெட்டைகளுக்கும் நல்லது. வால் இறகுகளின் அழகைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கிய சேவல், சில மாதங்களில் யாருக்கும் வேண்டாத உயிராகிக் கைமாறிக் கைமாறி அலைவது மனத்தை வருத்தும் காட்சி. அந்த நிலை வராமல் இருக்க, கீழே உள்ள படிகளைச் சேவல் வாங்குவதற்கு முன்பே ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். முதல் நான்கு படிகளில் ஏதேனும் ஒன்றில் விடை பாதகமாக வந்தால், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதற்படி: எதற்காக என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

முட்டை மட்டுமே உங்கள் நோக்கம் என்றால் சேவல் தேவையில்லை. சேவல் இல்லாத கூட்டத்தில் பெட்டைகளுள் ஒன்று தானாகவே தலைமை ஏற்றுக்கொள்ளும்; கூட்டம் ஒழுங்காகவே நடக்கும்.

குஞ்சு பொரிக்க வேண்டும் என்பது இரண்டாவது நோக்கம். இதற்குச் சேவல் உதவும் என்றாலும், ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் குஞ்சு எடுக்க விரும்புபவர், நம்பகமான வளர்ப்பாளரிடமிருந்து கருக்கூடிய முட்டைகளை வாங்கித் தம் அடைக்கோழிக்கு வைத்துவிடலாம். 21 நாளில் குஞ்சு வெளிவரும். தாய்க்கோழிக்கு அம்முட்டைகள் தன்னுடையவையா பிறருடையவையா என்பது பொருட்டே அன்று. எல்லாக் குஞ்சுகளையும் ஒரே அன்போடு வளர்க்கும். ஆண்டு முழுவதும் ஒரு சேவலுக்குத் தீவனமிட்டு, அதன் கூவலுக்கு அக்கம்பக்கத்தாரிடம் பதில் சொல்வதைவிட இது எத்தனையோ எளிது. புதியவர்களுக்கு நான் பெரும்பாலும் இந்த வழியையே முதலில் பரிந்துரைப்பேன்.

மூன்றாவது நோக்கம் காவல். திறந்தவெளியில் மேயும் கூட்டத்துக்கு நல்ல சேவல் உண்மையிலேயே பெரும் துணை. பெட்டைகள் தலைகுனிந்து மேயும்போது அது அடிக்கடி நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும்; ஒரு கண்ணைச் சாய்த்து வானத்தை நோட்டமிடும். பருந்தைக் கண்டால் அது எழுப்பும் ஒலி நீண்டு மெலிந்திருக்கும். நாயோ பூனையோ தரைவழியாக நெருங்கினால் எழுப்பும் ஒலி விட்டுவிட்டு வரும் உரத்த கொக்கரிப்பாக இருக்கும். பெட்டைகளுக்கு இவ்விரண்டின் வேறுபாடும் நன்றாகத் தெரியும். முதல் ஒலியைக் கேட்டதும் புதருக்குள் ஓடிப் பதுங்கும். இரண்டாவதைக் கேட்டால் கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்க்கும். விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் ஒலிப்பதிவுகளை ஒலிக்கவிட்டுச் சோதித்தும் இதை உறுதி செய்திருக்கிறார்கள்.

இருந்தாலும் சேவலை நம்பி வேலியை விட்டுவிடக் கூடாது. இருட்டில் கோழிகளுக்குப் பார்வை மிகவும் மங்கல். இரவில் சேவலும் பெட்டைகளோடு கம்பில் அமர்ந்து உறங்கும். கீரியோ நரியோ இரவில் உள்ளே நுழைந்தால் சேவலால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. பகலிலும்கூட, பெட்டைகளைக் காப்பாற்ற எதிர்த்து நின்று அதுவே இரையாகிப் போவதுண்டு. கூண்டின் கம்பிவலையும் தாழ்ப்பாளும் உறுதியாக இருந்தால்தான் சேவலின் காவலுக்குப் பொருள் உண்டு.

சேவல் இருந்தால் முட்டையைச் சாப்பிடலாமா என்று தயங்குபவர்களும் உண்டு. கருக்கூடிய முட்டைக்கும் கருக்கூடாத முட்டைக்கும் சுவையிலோ சத்திலோ வேறுபாடு இல்லை. வெப்பம் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்வரை கரு வளராது; ஒழுங்காக வளர 37.5 டிகிரியை ஒட்டிய வெப்பம் இடைவிடாமல் கிடைக்க வேண்டும். எனவே நாள்தோறும் முட்டைகளை எடுத்துக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் போதும். உடைத்த முட்டையில் சில வேளை காணப்படும் இரத்தப் புள்ளி, முட்டை உருவாகும்போது சிறு இரத்தக்குழாய் ஒன்று கசிந்ததால் வருவது. அதைக் கருவின் அடையாளமாகக் கொள்ள வேண்டியதில்லை. கரு கூடியதா என்று அறிய விரும்பினால் மஞ்சள் கருவின் மேலுள்ள வெண்புள்ளியைப் பாருங்கள். கூடாத முட்டையில் அது ஒழுங்கற்ற சிறு புள்ளியாக இருக்கும். கூடியதில் சற்றுப் பெரிதாக, நடுவில் தெளிந்து, வளையம் சூழ்ந்ததாகத் தெரியும்.

இரண்டாம் படி: சட்டத்தையும் அக்கம்பக்கத்தையும் விசாரியுங்கள்

பல நகரங்களில் பெட்டைகளை வளர்க்க அனுமதிக்கும் விதிகள் சேவலை மட்டும் தடை செய்கின்றன. உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறிவதோடு, குடியிருப்புச் சங்கமோ வாடகை ஒப்பந்தமோ இருந்தால் அவற்றின் விதிகளையும் படித்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கிடைக்கும் அனுமதியைவிட எழுத்தில் உள்ளதே பின்னாளில் துணைநிற்கும்.

விதி இடம் கொடுத்தாலும் அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். சேவல் விடியற்காலையில் ஒருமுறை கூவிவிட்டு அமைதியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அது பொழுது புலர்வதற்கு முன்பே தொடங்கும். பகலிலும் வண்டிச் சத்தத்துக்கும், வேறொரு சேவலின் குரலுக்கும், பெட்டை முட்டையிட்டுக் கேறுவதற்கும் கூவும். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மங்கிய ஒளி மாறாமல் இருந்த அறையில் வைக்கப்பட்ட சேவல்களும் நாளுக்கொரு முறை விடியல் நேரத்தை ஒட்டியே கூவின. அதாவது, கூவும் நேரத்தை உடலுக்குள் இருக்கும் கடிகாரம் தீர்மானிக்கிறது. வெளிச்சம் அதைத் தூண்டும் காரணங்களுள் ஒன்று மட்டுமே. ஆகவே கூண்டை இருட்டாக்கி வைத்தால் காலைக் கூவல் ஓரளவு தாமதமாகலாம், நின்றுவிடாது. கூண்டின் சுவர்களைத் தடிமனாக்கி, அடுத்த வீட்டின் படுக்கையறையிலிருந்து கூடிய மட்டும் தொலைவில் அமைப்பது மெய்யான பயன் தரும். வெப்பம் மிகுந்த காலத்தில் காற்றோட்டத்தை அடைத்துச் சத்தத்தைத் தடுக்க முயலக் கூடாது.

கூவலை அடக்குவதற்கென்று கழுத்தில் கட்டும் பட்டை விற்கப்படுகிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சற்று இறுகினால் மூச்சும் இரையும் தடைபடும். தளர்ந்தால் அலகோ கால்விரலோ சிக்கிக்கொள்ளும். வளரும் பறவைக்கு இன்று பொருந்திய அளவு அடுத்த வாரம் பொருந்தாது. கூவலைப் பொறுக்க இயலாத இடத்தில் சேவலை வைக்காமல் இருப்பதே முறை.

மூன்றாம் படி: பெட்டைகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள்

ஒரு சேவலுக்கு 8 முதல் 12 பெட்டைகள் என்பது பொதுவான அளவு. எடை குறைந்த, சுறுசுறுப்பான இனங்களில் 12 வரையிலும், உடல் கனத்த இனங்களில் 8 வரையிலும் ஒரு சேவல் போதுமானது. மூன்று நான்கு பெட்டைகள் மட்டும் உள்ள வீட்டில் சேவலை விட்டால், அதன் முழு வேகமும் அந்தச் சிலவற்றின் மீதே விழும். பிடரியிலும் முதுகிலும் இறகு உதிர்ந்து தோல் தெரியும்; நகமும் கால்முள்ளும் கிழித்துப் புண்ணாகும்; ஓய்வில்லாத பெட்டை இரையெடுக்கவும் அஞ்சிக் கூண்டின் மூலையிலேயே ஒதுங்கிக் கிடக்கும். பெட்டைகள் போதிய அளவில் இருந்தாலும், சேவல் தனக்குப் பிடித்த ஒன்றிரண்டையே சுற்றிவருவது உண்டு. அப்படிப்பட்ட பெட்டைக்கு முதுகை மூடும் துணிக்கவசம் அணிவிக்கலாம். அதனடியில் பேனும் செள் எனப்படும் சிற்றுண்ணியும் பெருகக்கூடும் என்பதால் அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டும். சேவலைச் சில நாட்கள் தனியே அடைப்பது இன்னும் நல்ல தீர்வு.

புதியவர்கள் இரண்டு சேவல்களை வைத்துக்கொள்ள முயல வேண்டாம். குஞ்சுப் பருவத்திலிருந்து ஒன்றாக வளர்ந்து, தாராளமான இடமும் இருபதுக்கு மேற்பட்ட பெட்டைகளும் இருந்தால் அவை ஒத்துப்போகக்கூடும். ஆனால் அது உறுதியான ஏற்பாடு அன்று. பெட்டைகளின் கண்ணில் படாத தனி அடைப்பில் சேவல்களை மட்டும் சேர்த்து வளர்ப்பது, பலமுறை அதைவிட அமைதியாக நடக்கிறது.

நான்காம் படி: ஆண்குஞ்சுகளுக்கு விடை தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் மற்ற எதை மறந்தாலும் இதை மறந்துவிட வேண்டாம். பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி ஆணாகவே இருக்கும். 12 குஞ்சு பொரித்தால் ஆறு சேவல்களை எதிர்பார்க்க வேண்டும். சில வேளை எட்டும் வரும். அடையில் வைக்கும் முட்டையின் வடிவத்தைக் கொண்டு பெட்டையையே தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்வார்கள். அது பலிக்காது, கோழியினத்தில் குஞ்சின் பாலினம் தாயின் சூல்முட்டையிலேயே முடிவாகிவிடுகிறது, அதை முட்டையின் கூர்மையோ உருண்டையோ காட்டுவதில்லை.

அந்த ஆண்குஞ்சுகள் நான்கு ஐந்து மாதத்தில் கூவத் தொடங்கும். சில இரண்டாம் மாதத்திலேயே கரகரத்த குரலில் முயன்று பார்க்கும். அதற்குமேல் அவை ஒன்றோடொன்று சண்டையிடும், தங்கைகளையும் தாயையும் விரட்டும். அவற்றை இறைச்சிக்கு வளர்க்கப்போகிறீர்களா? அப்படியானால் யார், எங்கே, பறவைக்கு வலி குறைவாக அதைச் செய்வது? வேறு வளர்ப்பாளருக்குக் கொடுப்பதாக இருந்தால், அவர் இப்போதே பெயரளவிலாவது ஒப்புக்கொண்டிருக்கிறாரா? தனி அடைப்பில் வைத்துக் காப்பதாக இருந்தால் அதற்கு இடமும், ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வாழக்கூடிய ஒவ்வொரு பறவைக்கும் தீவனச் செலவும் இருக்கின்றனவா? யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை விடை ஆகாது. ஏனென்றால் எல்லோரிடமும் அதே பருவத்தில் அதே அளவு சேவல்கள் மிஞ்சியிருக்கும். இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் கிடைக்கும்வரை முட்டைகளை அடைவைக்காமல் இருப்பது உயிர்களிடம் நாம் காட்ட வேண்டிய பொறுப்பு.

பெட்டை என்று சொல்லி வாங்கிய குஞ்சு சேவலாக வளர்ந்துவிடுவதும் அடிக்கடி நேர்கிறது. ஒரு நாள் வயதுக் குஞ்சைப் பிரித்தறிவது பயிற்சி பெற்றவர்களுக்கும் முழுமையாகக் கைகூடுவதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் கொண்டை மற்றவற்றைவிட விரைவாகப் பெருத்துச் சிவந்தால் ஐயப்படலாம். மூன்று நான்கு மாதத்தில் பிடரியிலும் இடுப்பிலும் நீண்டு கூர்மையான, பளபளப்பான இறகுகள் முளைத்தால் அது சேவலே. எனவே பெட்டைகளை மட்டும் வளர்க்கத் திட்டமிட்டிருந்தாலும், வாங்கும்போதே சேவலாக மாறினால் திரும்ப ஏற்றுக்கொள்வீர்களா என்று விற்பவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: பறவையைத் தேர்ந்தெடுங்கள்

இதுவரையிலான படிகளைக் கடந்து வந்திருந்தால், இனி ஒரு குறிப்பிட்ட சேவலைப் பற்றிப் பேசலாம். இனத்தின் பெயரைவிட அந்தப் பறவையின் குணமே முக்கியம். ஒரே தாயின் பிள்ளைகளில் ஒன்று சாதுவாகவும் மற்றொன்று முரடாகவும் இருக்கும். குணத்தின் ஒரு பங்கு வழிவழியாக வருவது என்பதால், முரட்டுச் சேவலிலிருந்து குஞ்சு எடுத்தால் அடுத்த தலைமுறையிலும் அந்தத் தொல்லை தொடரும்.

முடிந்தால் ஓராண்டு நிறைந்த சேவலையே வாங்குங்கள். ஐந்து மாதச் சேவல் பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். பருவ வேகம் ஏறியபின் எப்படி மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓராண்டு கடந்ததன் குணம் பெரும்பாலும் நிலைபெற்றிருக்கும். கருக்கூட்டும் திறனும் முதல் இரண்டு ஆண்டுகளில் உச்சத்தில் இருக்கும். அது இருக்கும் இடத்துக்கே சென்று, சிறிது தானியத்தைத் தூவிவிட்டு ஒதுங்கி நின்று கவனியுங்கள். நல்ல சேவல் இரையைத் தானே விழுங்கிவிடாமல், அதை அலகால் எடுத்தும் போட்டும் மெல்லிய குரலில் பெட்டைகளை அழைக்கும். அணைவதற்கு முன் ஒரு பக்கச் சிறகைத் தாழ்த்திச் சுற்றி வரும். பெட்டை விலகினால் விட்டுவிடும். அங்குள்ள பெட்டைகளின் முதுகு இறகுகள் முழுமையாக இருக்கின்றனவா என்பதும் அதன் நடத்தைக்கு நல்ல சாட்சி. நீங்கள் நடந்து சென்றால் சற்று விலகி வழிவிடும் சேவலே சிறந்தது. மனிதரைக் கண்டு அச்சமே இல்லாமல் நெருங்கி வரும் சேவல் அன்பாகத் தோன்றினாலும், பின்னாளில் மனிதரைத் தன் போட்டியாளராகக் கருதித் தாக்குவது பெரும்பாலும் அத்தகையதுதான். இதனாலேயே, சேவற்குஞ்சைக் கையிலும் மடியிலும் வைத்துச் செல்லம் கொடுத்து வளர்க்க வேண்டாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வார்கள்.

பிறகு கையில் எடுத்துப் பாருங்கள். கண் தெளிவாகவும், மூக்குத் துளைகள் சளியின்றியும், கொண்டை சிவந்தும், கால் செதில்கள் படிந்தும், பாதத்தின் அடியில் புண்ணின்றியும் இருக்க வேண்டும். எச்சத்துவாரத்தைச் சுற்றியும் சிறகின் அடியிலும் இறகை விலக்கிப் பேன், செள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். சேவல்களில் இவை பெட்டைகளைவிடக் கூடுதலாகக் காணப்படுவதுண்டு. குஞ்சு எடுக்கும் நோக்கமிருந்தால், அதன் தாய் நன்றாக முட்டையிட்டதா என்றும் கேளுங்கள். முட்டையிடும் திறனைச் சேவலும் தன் மகள்களுக்குக் கடத்துகிறது. உங்கள் பெட்டைகளுக்கு அது உடன்பிறப்பாக இருக்கக் கூடாது.

ஆறாம் படி: கூட்டத்தில் சேர்த்தல்

வாங்கி வந்ததும் நேரே கூண்டில் விட்டுவிடாதீர்கள். நோய்த்தொற்று இல்லை என்று உறுதியாகும்வரை, 30 நாட்கள் தனியிடத்தில், தனித் தண்ணீர்க் கிண்ணத்தோடு வைத்திருங்கள். உங்கள் பழைய கோழிகளைக் கவனித்த பிறகே அதைக் கவனியுங்கள். வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டதா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு ஒழுங்குபடுத்துங்கள். பின்னர் ஒரு வாரம் கம்பிவலைக்கு அப்பாலிருந்து இரு தரப்பும் ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும். வயது முதிர்ந்த பெட்டைகள் இளஞ்சேவலைக் கொத்தி அடக்கிவைப்பதைக் கண்டு இடையில் புகவேண்டியதில்லை. அது சேவலுக்கு நல்ல பாடம்.

தீவனத்தில் ஒரு மாற்றம் தேவைப்படும். முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் வரை கால்சியம் இருக்கும். சேவலின் தேவை ஏறத்தாழ 1 சதவீதமே. நீண்டகாலம் மிகையான கால்சியம் சேர்வது சிறுநீரகத்துக்குச் சுமை. கால்சியம் குறைந்த வளர்பருவத் தீவனத்தை அனைத்துக்கும் பொதுவாக வைத்து, கிளிஞ்சல் நொறுக்கைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால், பெட்டைகள் தேவையானதைத் தாமே எடுத்துக்கொள்ளும். சேவல் அதைப் பெரும்பாலும் தொடாது. உடல் கனத்த சேவலுக்கு உறங்கும் கம்பை உயரமாக வைக்காதீர்கள். குதித்து இறங்கும்போது பாதத்தில் அடிபட்டுப் புண் வரும்.

ஏழாம் படி: கவனித்துக்கொண்டே இருங்கள்

முதல் சில மாதங்களைச் சோதனைக் காலமாகவே கொள்ளுங்கள். கால் முள் நீண்டு கூர்மையானால் நுனியை மட்டும் அராவி மழுக்குங்கள். முள்ளின் உள்ளே எலும்பும் இரத்த ஓட்டமும் இருப்பதால் ஆழமாக வெட்டினால் வலியும் இரத்தப்போக்கும் உண்டாகும். உங்களை நோக்கிச் சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நகர்வது, பிடரி இறகைச் சிலிர்ப்பது, பின்னாலிருந்து ஓடிவருவது ஆகியவை தாக்குதலுக்கு முந்தைய அறிகுறிகள். அப்போது திரும்பி ஓடாமலும், உதைக்காமலும், நேராக நின்று அது விலகும்வரை மெதுவாக முன்னேறுங்கள். அடிப்பது அதன் போட்டி உணர்ச்சியை வளர்க்குமே தவிரக் குறைக்காது. சில வாரம் பொறுமையாகப் பழக்கியும் மாறாத சேவலை, குறிப்பாகச் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், வைத்திருக்க வேண்டாம். குழந்தையின் முகம் சேவலின் முள் எட்டும் உயரத்தில் இருக்கிறது என்பதை ஒருபோதும் இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அத்தகைய பறவையைக் குணத்தை மறைத்து வேறொருவருக்குக் கொடுப்பதும் நியாயமன்று.

சேவலை விலக்கிய பிறகும் பெட்டைகளின் உடலில் விந்து இரண்டு வாரம் வரையிலும், சிலவற்றில் மூன்று வாரம் வரையிலும் உயிரோடு தங்கியிருக்கும். அதுவரை இடும் முட்டைகள் கருக்கூடியவையாக இருக்கலாம். ஆகவே பழைய சேவலின் வழி வேண்டாம் என்று புதிய சேவலைக் கொண்டுவருபவர்கள், பழையதை விலக்கிய நாளிலிருந்து நான்கு வாரம் கழிந்தபின் கிடைக்கும் முட்டைகளையே அடைக்கு எடுக்க வேண்டும்.